கும்பகோணத்தில் குடியேறுகிறோம்: கோயில் தெரு வீடா, புறவழிச்சாலைப் பக்கம் புது நகரா?

#1 வடபழனியாள்

எல்லோருக்கும் வணக்கம். ஜூன் முதல் வாரத்தில் சென்னையிலிருந்து கும்பகோணத்துக்குக் குடிவருகிறோம். கணவருக்குத் தஞ்சாவூர்க் கிளைக்கு மாற்றல். எனக்கு வீட்டிலிருந்தே கணினி வேலை. மகள் ஆறாம் வகுப்புப் போகிறாள். தஞ்சாவூரிலேயே வீடு பார்க்கலாம் என்றுதான் இருந்தோம். மாமியார், "தங்கச்சி இருக்கிற ஊர்லதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டார். அவருக்கு 74 வயது. சர்க்கரை இருக்கிறது, முழங்கால் வலி இருக்கிறது, பிடிவாதம் நிறையவே இருக்கிறது.

இரண்டு வீடு பார்த்து வைத்திருக்கிறோம்.

முதலாவது கும்பேஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. பழைய ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, கூடம், நடுவில் முற்றம், கொல்லையில் கிணறு. இரண்டு பக்கமும் பொதுச்சுவர். கார் நிறுத்த இடம் கிடையாது.

இரண்டாவது புறவழிச்சாலைப் பக்கம் புதிதாக வந்திருக்கும் ஒரு நகர். மாடி வீடு, இரண்டு படுக்கையறை, கீழே கார் நிறுத்தலாம். நல்ல காற்று. ஆனால் கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரே ஒரு பெட்டிக்கடை. வாடகை முதல் வீட்டைவிடக் கொஞ்சம் அதிகம்.

எதை எடுக்கலாம்? தண்ணீர், கொசு, கடை, மருத்துவர், மின்தடை, பள்ளி, எதைப் பற்றி வேண்டுமானாலும் சொல்லுங்கள். "உங்கள் வசதியைப் பொறுத்தது" என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். அதை என் கணவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

#2 பீபரி

முதல் வீட்டில் கழிப்பறை எங்கே இருக்கிறது? அது தெரியாமல் ஒன்றும் சொல்ல முடியாது.

#3 அரசலாறு

முதல் வீடுதான் அம்மா, யோசிக்கவே வேண்டாம். காரணம் சொல்கிறேன்.

காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவில் இருக்கும் பழைய ஊருக்குள் குடியிருப்பவர்களுக்கு வண்டி தேவைப்படுவதே குறைவு. கும்பேஸ்வரர் கோயில் வாசலுக்குப் போகிற மண்டபப் பாதையிலேயே பூ, பழம், குங்குமம், வளையல், பிளாஸ்டிக் குடம் வரை கிடைக்கும். அங்கிருந்து பெரிய கடைத்தெருவுக்கு நடந்தால் பாத்திரக்கடை, மளிகை, நாட்டு மருந்து, துணி. இட்லிக் கொப்பரைக்கு அடிப்பக்கம் ஓட்டை விழுந்தால் ஒட்டித் தருவதற்கும், பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதற்கும் இன்னும் ஆள் இருக்கிற ஊர் இது. மருந்துக்கடையும் இரத்தப் பரிசோதனை நிலையமும் தெருவுக்குத் தெரு உண்டு. சாயங்காலம் உட்காரும் மருத்துவர்கள் பலர் உள்ளூர்க்காரர்கள்தான். பெயர் சொன்னாலே "அந்தச் சர்க்கரைக்காரம்மாவா" என்று கேட்பார்கள்.

உங்கள் மாமியாருக்குத் தேவை என்ன? காலையில் எழுந்தால் பேச ஆள். அது திண்ணை வீட்டில் தானாக வந்துவிடும். பூக்காரி நிற்பாள், கீரைக்காரர் நிற்பார், எதிர்வீட்டுக்காரர் நிற்பார். மாடியில் கொண்டுபோய் உட்கார வைத்தால் நாள் முழுக்கத் தொலைக்காட்சிதான். தங்கை வீடு எங்கே என்று நீங்கள் சொல்லவில்லை. பழைய ஊருக்குள் என்றால் விவாதமே முடிந்தது.

நடைப்பயிற்சிக்கு மகாமகக் குளத்தைச் சுற்றி வரலாம். படிக்கிற பழக்கம் இருந்தால் கோபால் ராவ் நூலகம் இருக்கிறது.

இன்னொன்று, காபி. நெடுஞ்சாலை நெடுகப் பித்தளை டபராவும் பலகையுமாக விற்கிறார்களே, அதைக் குடித்துவிட்டு இந்த ஊர்க் காபியை எடை போடாதீர்கள். வீட்டுக்குப் பக்கத்தில் கொட்டை வறுத்து அரைத்துத் தரும் கடை ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாலுக்கு ஆள் நான் சொல்லித் தருகிறேன்.

#4 நஞ்சைவீடு

அரசலாறு சார் எப்போதும் பாதிதான் சொல்வார். மீதியை நான் சொல்கிறேன்.

கோயில் தெருக்களில் சனி, ஞாயிறு என்றால் வெளியூர்க் கார்கள். நவக்கிரகக் கோயில்களுக்கு வருகிறவர்கள் எல்லோரும் தங்குவதும் சாப்பிடுவதும் இங்கேதான். முகூர்த்த நாளில் உங்கள் வீட்டு வாசலில் யாரோ ஒருவர் காரை விட்டுவிட்டுப் பந்திக்குப் போய்விடுவார். மாசிமகம், தேர், தெப்பம், கார்த்திகை ஞாயிறு என்று ஆண்டு முழுக்க ஏதாவது ஒன்றுக்குத் தெருவை அடைப்பார்கள். ஒலிபெருக்கிச் சத்தத்துக்கு நடுவில் வீட்டிலிருந்து எப்படி வேலை பார்ப்பீர்கள்? காணொளிக் கூட்டத்தில் திருவெம்பாவை கேட்கும்.

பொதுச்சுவர் என்றால் பக்கத்து வீட்டில் இடித்துக் கட்டினால் உங்கள் சுவரும் சேர்ந்து ஆடும். ஓட்டு வீட்டில் ஓடு மாற்றுவதற்கு ஆள் கிடைப்பது குறைந்துகொண்டே வருகிறது. முற்றம் பார்க்க அழகுதான். ஐப்பசி மழையில் சாரல் கூடம் வரை வரும். குரங்கும் வரும்.

சரி, இப்போது என் பக்கத்தைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சார் வந்து சொல்வார். நான் இருப்பதும் இந்த மாதிரி ஒரு நகரில்தான். வயலாக இருந்த இடம். மனை போடும்போது வாய்க்காலைக் குழாய்க்குள் அடைத்து மேலே சாலை போட்டுவிட்டார்கள். கார்த்திகையில் நான்கு நாள் அடைமழை என்றால் தண்ணீர் போவதற்கு வழி இல்லாமல் தெருவிலேயே நிற்கும். சாலையை உயர்த்தி உயர்த்திப் போட்டதில் சில வீட்டு வாசல்கள் இப்போது பள்ளத்தில் இருக்கின்றன. தவளை தூங்க விடாது, தவளையைத் தேடிப் பாம்பும் வரும். ஆகவே நீங்கள் பார்த்த நகரில் இதையெல்லாம் கேளுங்கள்: பாதாளச் சாக்கடை இணைப்பு வந்துவிட்டதா, இல்லை கழிவுநீர்த் தொட்டியா? தொட்டி என்றால் எங்கே, எவ்வளவு பெரியது, மாடிக்கும் கீழுக்கும் சேர்த்து ஒன்றா? போன மழைக்கு வாசலில் எவ்வளவு தண்ணீர் நின்றது? இதை வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், பெட்டிக்கடையில் கேளுங்கள்.

#5 வடபழனியாள்

@பீபரி, கொல்லையில் ஒன்று, பழையது. ரேழியை ஒட்டி ஒன்று புதிதாகக் கட்டியிருக்கிறார்கள், ஆனால் இரண்டு படி ஏற வேண்டும். இரண்டுமே தரையோடு இருக்கிற பழைய மாதிரி.

@அரசலாறு, சித்தி வீடு காந்தி பூங்கா பக்கம்.

@நஞ்சைவீடு, பாம்பைப் பற்றி மாமியார் இருக்கும்போது சத்தமாக வாசித்துவிட்டேன். உங்கள் நகர் பாதி தோற்றுவிட்டது.

#6 பீபரி

இரண்டு படி ஏறி, தரையோடு குந்தி உட்காருகிற கழிப்பறை, முழங்கால் வலி. இது நடக்காது. ராத்திரி மூன்று மணிக்கு நினைத்துப் பாருங்கள்.

ஆனால் இதைச் சரி செய்யலாம். உட்காரும் வகைக் கோப்பை வைப்பது இரண்டு நாள் வேலை. படிக்குப் பக்கத்தில் சுவரில் இரும்புக் கைப்பிடி அடிக்கலாம். செலவை முன்பணத்தில் கழித்துக்கொள்கிறேன் என்று வீட்டுக்காரரிடம் பேசுங்கள், எழுதி வாங்குங்கள். அவர் ஒப்புக்கொண்டால் முதல் வீடு. மாட்டேன் என்றால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள், கிணறும் முற்றமும் எங்கேயும் போய்விடாது. மாடி வீட்டைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். மாடிப்படியை எந்தக் கைப்பிடியும் தரைக்குக் கொண்டு வராது.

#7 மெயின்லைன்

கணவரைப் பற்றி யாரும் கவலைப்படவே இல்லை. தினம் போய் வரப்போவது அவர்தானே.

கும்பகோணம் – தஞ்சாவூர் சுமார் 40 கிலோமீட்டர். பேருந்துக்குப் பஞ்சம் கிடையாது, அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு இது தலைமையிடம். ஆனால் பேருந்துகள் பாபநாசம், அய்யம்பேட்டை என்று பழைய வழியில் ஊர் ஊராக நிறுத்திக்கொண்டு போகும். காலை நேரத்தில் பள்ளிப் பிள்ளைகள், கல்லூரிப் பிள்ளைகள் கூட்டம் வேறு. நான்குவழிச் சாலை வந்த பிறகு காரில் போகிறவர்களுக்கு மிச்சமாகும் நேரம் பேருந்தில் போகிறவர்களுக்குக் கிடையாது.

ரயில் நல்லது. மாதாந்திரச் சீட்டு எடுத்தால் பேருந்துச் செலவோடு ஒப்பிடவே முடியாத அளவு மலிவு. ஆனால் அலுவலக நேரத்துக்குப் பொருந்துகிற வண்டியாகப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும், ஒன்றை விட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க நேரும். இந்தத் தடம் முன்பு மீட்டர் கேஜ், அகலப்படுத்தும்போது ஊர் முழுக்கப் பல ஆண்டு ரயில் இல்லாமல் இருந்தது, அதை அனுபவித்தவர்களுக்கு இப்போதைய ரயிலைக் குறை சொல்ல மனசு வராது. சென்னைக்குப் பகலில் சோழன், ராத்திரி உழவன்.

ஆக, அவர் ரயிலில் போவார் என்றால் கோயில் தெருவிலிருந்து நிலையத்துக்கு ஷேர் ஆட்டோ உண்டு, இரு சக்கர வண்டியும் போதும். காரில் போவார் என்றால் கோயில் தெருவில் காரை எங்கே விடுவீர்கள் என்பதுதான் கேள்வி. மாத வாடகைக்குக் கார் நிறுத்த இடம் விடுகிற பழைய மனைகள் ஊருக்குள் இருக்கின்றன. வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை என்றால் எடுத்துக்கொள்ளலாம்.

#8 சோழபுரத்தான்

எல்லோரும் கழிப்பறை, கார் என்று பேசுகிறீர்கள். அந்தத் தெருக்களில் வீடு கேட்டுப் போனால் முதலில் கேட்பது வேறு. "நீங்க எந்த ஆளுங்க?" அடுத்தது, "கவிச்சி சமைப்பீங்களா?" என் பெயரைச் சொன்னதும் தொலைபேசியிலேயே "வீடு போயிடுச்சு" என்பார்கள். அடுத்த வாரம் அதே வீட்டு வாசலில் அதே பலகை தொங்கும். அவர்களுக்கு நான் கடையில் பாத்திரம் விற்கலாம், பக்கத்து வீட்டில் குடியிருக்கக் கூடாது.

கடைசியில் நான் வீடு எடுத்தது ஒரு புது நகரில்தான். மழைக்குத் தண்ணீர் நின்றாலும் பரவாயில்லை, யாரும் அடுப்பில் என்ன வேகிறது என்று எட்டிப் பார்ப்பதில்லை.

#9 அரசலாறு

தம்பி, சொல்வது வருத்தமாக இருக்கிறது. ஆனால் எல்லோரும் அப்படி இல்லை. எங்கள் தெருவிலேயே இப்போது எல்லோரும்தான் இருக்கிறார்கள்.

#10 சோழபுரத்தான்

உங்கள் தெருவில் வாடகைக்கு வீடு காலியாக இருந்தால் சொல்லுங்கள் சார், நாளைக்கே வந்து பார்க்கிறேன். தெரிந்துவிடும்.

#11 தறிக்காரன்_தாராசுரம்

இதில் சோழபுரத்தான் பக்கம்தான் நியாயம். நாங்களும் கேட்டிருக்கிறோம், பட்டு நெய்கிறவர்கள், தறிச் சத்தம் வரும் என்று காரணம் சொன்னார்கள். தறி வீட்டில் இல்லை என்று சொன்ன பிறகும் காரணம் மாறியது, பதில் மாறவில்லை.

#12 மட்டுறுத்துநர்

இந்தப் பேச்சு தேவையானது, ஆனால் குறிப்பிட்ட தெரு, சாதிப் பெயர் போட்டு எழுதிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். வீடு பற்றிய கேள்விக்கு வாருங்கள்.

#13 வடபழனியாள்

எங்களிடமும் கேட்டார்கள். "எந்த ஆளுங்க" என்பதற்கு மாமியார் ஏதோ சொல்லிச் சமாளித்தார். சாப்பாட்டுக் கேள்விக்கு நான், "வாரம் இரண்டு நாள் மீன்" என்றேன். தரகர் என்னைப் பார்க்காமல் கணவரைப் பார்த்து, "பார்த்து அனுசரிச்சுப் போயிடலாம் சார்" என்றார். வீட்டுக்காரம்மாவுக்கு இது தெரியுமா தெரியாதா என்று எனக்கு இன்னும் புரியவில்லை. நேரில் பேசப் போகிறேன். தரகர் வழியாக வேண்டாம்.

#14 ஆயிக்குளம்

நேரில் பேசுவது நல்லது. பேசும்போது இதையும் கேட்டுவிடுங்கள்: மின் இணைப்பு தனியா? ஒரே இணைப்பில் இரண்டு குடித்தனம் ஓடினால், இரண்டு மாதத்துக்குக் கிடைக்கும் இலவச யூனிட்டும் ஒரு வீட்டுக்கு உரியதுதான், மொத்தமாகக் கணக்கு ஏற ஏற யூனிட் விலையும் ஏறும். பிறகு உள்மீட்டர் போட்டு, அவர்கள் சொல்வதுதான் விலை. வாடகையில் மிச்சம் பிடித்ததைக் கரண்டில் விட்டுவிடுவீர்கள்.

வீட்டிலிருந்து வேலை என்பதால் இன்னொன்று. மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒரு நாள் பகல் முழுக்க மின்சாரம் இருக்காது. முன்கூட்டியே நாளிதழில் வரும். இன்வெர்ட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இணையக் கம்பி இரண்டு பக்கமும் வந்துவிட்டது. ஆனால் பழைய தெருக்களில் தேர் வரும் நாளில் குறுக்கே போகிற கம்பிகளை அவிழ்ப்பார்கள், மின்சாரத்தையும் நிறுத்துவார்கள். அன்றைக்குக் கைபேசி இணையம்தான் கதி.

#15 கொள்ளிடத்தான்

தண்ணீரைப் பற்றி யாரும் எழுதவில்லையே. கேட்டதே அதைத்தானே முதலில்.

குழாயில் வருவது கொள்ளிடத் தண்ணீர். நன்றாக இருக்கும், சென்னைக்காரர்களுக்கு இதன் அருமை உடனே தெரியும். நேரம் தெருவுக்குத் தெரு மாறும், பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

கிணறு இருக்கிறது என்று சந்தோஷப்படுங்கள், ஆனால் குடிக்காதீர்கள். நெருக்கமான தெரு, பக்கத்திலேயே சாக்கடை. துவைக்க, கழுவ, செடிக்கு அமிர்தம். கிணற்று மட்டம் ஆற்றோடு சேர்ந்து ஏறும் இறங்கும். சித்திரை, வைகாசியில் காவிரியில் இந்த இடத்தில் மணல்தான் தெரியும். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12ல் திறப்பார்கள். அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நாள் போல ஆகும், அங்கே பிரித்துவிட்ட பிறகு நம் ஊருக்கு வரும். அணையில் இருப்பைப் பொறுத்துத் தேதி முன்னே பின்னே போகும். 2022ல் மே 24லேயே திறந்தார்கள், 2024ல் ஜூலை 28 வரை இழுத்தது. நீங்கள் வருவது ஜூன் முதல் வாரம், அதாவது கிணறு அடியில் இருக்கிற நேரம். அப்போதும் வாளிக்குத் தண்ணீர் எட்டினால் நல்ல கிணறு. வீட்டைப் பார்க்கப் போகும்போது கயிற்றை விட்டுப் பாருங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால்.

கொசுவும் இதே கணக்குதான். ஆறு ஓடும்போது குறையும், படித்துறை ஓரம் பள்ளங்களில் தேங்கி நிற்கும்போது பெருகும். புது நகரில் மழைக்காலம் முழுக்க. ஆக இரண்டு இடத்திலும் கொசு உண்டு, மாதம்தான் வேறு. சன்னலுக்கு வலை அடியுங்கள். முற்றத்துக்கு வலை அடிக்க முடியாது என்பது உண்மைதான், கூடத்துக் கதவுகளுக்கு அடித்தால் ஓரளவு தப்பிக்கலாம்.

#16 நஞ்சைவீடு

கொள்ளிடத்தான் சொன்னதோடு ஒன்று. ஊருக்குள் இருந்த குளங்கள், வாய்க்கால்கள் ஆக்கிரமிப்பு பற்றி உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போயிருக்கிறது. பழைய ஊரில் குளம் நிறைய என்று பெருமையாகச் சொல்வார்கள். ஒவ்வொரு குளத்துக்கும் காவிரியிலிருந்தோ அரசலாற்றிலிருந்தோ தண்ணீர் வர ஒரு வாய்க்கால் இருந்தது, மிஞ்சினால் போக ஒரு வாய்க்கால் இருந்தது. அதன் மேல் வீடும் கடையும் வந்த பிறகு மழைத் தண்ணீர் எங்கே போகும்? ஆகவே வெள்ளம் புது நகருக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். எந்தத் தெருவானாலும், அதில் வாய்க்கால் எங்கே இருந்தது என்று ஒரு பெரியவரைக் கேளுங்கள். வாய்க்கால் மேல் கட்டிய வீடு என்றால் மழைக்கு அது ஞாபகப்படுத்தும்.

#17 மெயின்லைன்

மாமியாருக்காக: சாதாரணக் காய்ச்சல், சர்க்கரைப் பரிசோதனைக்கெல்லாம் ஊருக்குள்ளேயே போதும். அரசு தலைமை மருத்துவமனை ஊருக்குள் இருக்கிறது. மாரடைப்பு, பக்கவாதம் மாதிரி பெரியது என்றால் பெரும்பாலும் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள், தனியாரிலும் தஞ்சை அல்லது திருச்சி. 108ஐக் கூப்பிட்டால் ஆம்புலன்ஸ் உங்கள் வாசல் வரை வர முடியுமா என்று பாருங்கள். கோயில் தெருவில் சனிக்கிழமை சாயங்காலம் வைத்துப் பாருங்கள், செவ்வாய்க்கிழமை மத்தியானம் பார்த்தால் எல்லாத் தெருவும் அகலமாகத்தான் தெரியும்.

இந்த ஒரு விஷயத்தில் புறவழிச்சாலைக்குத்தான் என் ஓட்டு. ஏறினால் நேராகத் தஞ்சாவூர்.

#18 பீபரி

நேராகத் தஞ்சாவூர் போகலாம், ஆனால் மாடியிலிருந்து தூக்கிக் கீழே கொண்டு வர நான்கு பேர் வேண்டும்.

#19 தறிக்காரன்_தாராசுரம்

காய்கறியைப் பற்றி: எங்கள் தாராசுரம் மார்க்கெட்தான் சுற்றுவட்டாரத்துக்கே மொத்த விற்பனை. விடியற்காலையில் லாரி இறங்கும். சில்லறையும் கிடைக்கும், வாரத்துக்கு ஒருமுறை கணவர் வண்டியில் போய் வாங்கி வந்தால் நல்ல லாபம். வாழைக்காய், வாழைப்பூ, வாழைத்தண்டு எல்லாம் இந்த வட்டாரத்திலேயே விளைவது. வெற்றிலைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, கும்பகோணம் வெற்றிலைக்கு 2025ல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, மாமியார் போடுவார் என்றால் ரொம்பவே சந்தோஷப்படுவார். மீன் நாகப்பட்டினம், காரைக்கால் பக்கத்திலிருந்து வரும். காலையிலேயே போய்விட வேண்டும், பத்து மணிக்கு மேல் போனால் ஐஸ்தான் மிஞ்சும்.

ஐராவதேசுவரர் கோயிலுக்கும் மகளைக் கூட்டி வாருங்கள். 2004லிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம். சாயங்காலம் புல்தரையில் உட்கார எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதுதான் பூங்கா.

#20 ஆயிக்குளம்

பள்ளி: நகர மேல்நிலைப் பள்ளி 1864ல் தொடங்கியது, ராமானுஜன் படித்த பள்ளி, ஊருக்குள்ளேயே இருக்கிறது. மகளுக்கு என்பதால் பெண்கள் பள்ளிகள், தனியார் பள்ளிகள் எல்லாம் விசாரியுங்கள். ஜூனில் வந்து இடம் கேட்டால் கிடைப்பது கடினம், இப்போதே விண்ணப்பம் கொடுங்கள். புறவழிச்சாலைப் பக்கம் வீடு என்றால் பள்ளி வேன், கோயில் தெரு என்றால் சைக்கிள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தனியாகச் சைக்கிளில் போய்வருகிற ஊர் கிடைப்பது பெரிய விஷயம். என் கணக்கில் வேறு எல்லாவற்றையும்விட இதற்குத்தான் மதிப்பெண் அதிகம், யாருமே இதை எழுதாதது ஆச்சரியம்.

#21 சோழபுரத்தான்

இன்னொரு விஷயம் மறந்துவிட்டீர்கள். 2028ல் மகாமகம்.

12 ஆண்டுக்கு ஒருமுறை வருவது, கடைசியாக 2016 பிப்ரவரியில் நடந்தது. அப்போது ஊருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையங்கள் போட்டு, வெளியூர் வண்டிகளை உள்ளே விடவில்லை. பத்து நாள் கூட்டம் என்றாலும் ஆறு மாதம் முன்பிருந்தே சாலை வேலை, குளத்து வேலை என்று தோண்டிப் போடுவார்கள். நான் சொல்ல வருவது வாடகை பற்றி. கோயிலுக்குப் பக்கத்து வீடுகளுக்கு அந்த மாதத்தில் என்ன விலை கேட்டாலும் கொடுக்க ஆள் வரும். சில வீட்டுக்காரர்கள் அதற்கு முன்னால் "மகன் வருகிறான், காலி செய்யுங்கள்" என்று ஆரம்பிப்பார்கள். ஆகவே எழுத்து ஒப்பந்தம் போடுங்கள், காலம் 2028 மாசி தாண்டி இருக்கட்டும்.

#22 மெயின்லைன்

இதை வழிமொழிகிறேன். 2017ல் வந்து 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தில் எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. "எழுதிக்கொள்ளாவிட்டால்" என்பதில்தான் எல்லாமே இருக்கிறது, கையெழுத்துப் போடுவதற்கு முன் முழுக்கப் படியுங்கள். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்கள் இங்கே ஐந்து மாதம் என்றதும் உடனே எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அதனாலேயே இங்கேயும் விலை ஏறிவிட்டது.

#23 அரசலாறு

அம்மா, என்ன ஆயிற்று? வீட்டுக்காரம்மாவைப் பார்த்தீர்களா?

#24 வடபழனியாள்

பார்த்தோம். சொல்கிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் போனோம், மெயின்லைன் சொன்னபடி. தெருவில் ஒரு வேன் குறுக்கே நின்றது. ஆம்புலன்ஸ் வராது, ஆனால் தெருமுனை வரை வரும், அங்கிருந்து தூக்குபடுக்கையில் கொண்டு போகிற தூரம்தான். கிணற்றில் கயிற்றை விட்டுப் பார்த்தேன், தண்ணீர் இருக்கிறது. வாய்க்கால் எங்கே இருந்தது என்று எதிர்வீட்டுப் பெரியவரைக் கேட்டதில் அரை மணி நேரம் போய்விட்டது. அவர் மூன்று வாய்க்கால் காட்டினார், ஒன்றும் இந்த வீட்டுக்கு அடியில் இல்லை.

வீட்டுக்காரம்மாவிடம் நேராகவே சொன்னேன். மீன் சமைப்போம் என்று. அவர், "கொல்லையில வச்சு சமைச்சுக்குங்க, செவ்வாய் வெள்ளி வேண்டாம்" என்றார். சமையலறையை விட்டுக் கொல்லையில் அடுப்பு மூட்ட எனக்கு இஷ்டம் இல்லை. பேசினோம். கடைசியில் செவ்வாய், வெள்ளி, அமாவாசை கிடையாது, மற்ற நாளில் சமையலறையிலேயே, என்று முடிந்தது. மாமியாரும் அந்த நாட்களில் சாப்பிட மாட்டார் என்பதால் எங்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் சோழபுரத்தான் அண்ணா அதே வாசலில் நின்றிருந்தால் பேச்சு மீன் வரைக்கும் போயிருக்காது என்பதும் எனக்குத் தெரிகிறது.

கழிப்பறைக் கோப்பை அவர் செலவு, கைப்பிடி எங்கள் செலவு. மின் இணைப்பு தனி. முன்பணம் நான்கு மாதம் கேட்டார், மூன்றுக்கு வந்தார். ஒப்பந்தம் மூன்று வருடம், மகாமகத்தைத் தாண்டி. அதைப் படித்ததும் அவர் சிரித்துவிட்டு, "யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க" என்றார்.

காருக்கு இடம் இன்னும் கிடைக்கவில்லை. கணவர் ரயில் மாதச்சீட்டுக்கு மனதைத் தயார்படுத்திக்கொண்டிருக்கிறார். காரை விற்றுவிடலாமா என்றுகூடப் பேச்சு.

#25 நஞ்சைவீடு

விற்காதீர்கள். ஒரு ஆண்டு போகட்டும். ஐப்பசி மழை ஒன்றைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

#26 சோழபுரத்தான்

நல்ல வீடு கிடைத்ததில் சந்தோஷம் தங்கச்சி. கார் நிறுத்த என் கடைக்குப் பின்னால் இடம் இருக்கிறது, பெரிய கடைத்தெருப் பக்கம்தான். தனிச்செய்தியில் எழுதுங்கள்.

#27 அரசலாறு

ஆடி பிறப்பதற்குள் பால் காய்ச்சிவிடுங்கள், இல்லாவிட்டால் மாமியார் ஆவணி வரை வர மாட்டார். லாரியைத் தெருவுக்குள் கொண்டு வரலாம் என்று நினைக்க வேண்டாம், முனையிலேயே மாட்டிக்கொள்ளும். புறவழிச்சாலையில் நிறுத்திக் குட்டியானையில் மாற்றிக் கொண்டு வாருங்கள். அப்புறம், பீரோ ரேழி வழியாகப் போகுமா என்று அளந்துவிட்டு ஏற்றுங்கள். பழைய வீட்டு நிலைப்படி, குனிந்துதான் போக வேண்டும். பீரோ குனியாது.

#28 வடபழனியாள்

அளந்துவிட்டேன் சார், போகாது. மூன்று கதவு, தேக்கு, நல்ல நிலையில் இருக்கிறது. வடபழனிப் பக்கம் யாருக்காவது வேண்டும் என்றால் சொல்லுங்கள், மாத முடிவுக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும்.